பயிற்றுநர் கிளீவ் ஆபட்: வாழ்வும் தொண்டும்

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் தோன்றுபவை நூலும் எழுதுகோலும் தேர்வும் மதிப்பெண்ணுமே ஆகும். விளையாட்டுத் திடல் நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பொழுதுபோக்கும் இடமாகவே அதனைக் கருதுகிறோம். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பணிக்கப்பட்டபோது, இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் காட்டிய ஒரு பெரியாரைப் பற்றி எழுதுவதே பொருத்தம் எனக் கருதினேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினர் அல்லர். ஆயினும் அவர் கடந்து வந்த பாதையில் கிடந்த முட்களை நம்மவர் நன்கு அறிவர்.

அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகி கல்வி நிலையத்தில் 1923ஆம் ஆண்டு முதல் 1955ஆம் ஆண்டு வரை விளையாட்டுத் துறைத் தலைவராகவும் பயிற்றுநராகவும் விளங்கிய கிளீவ்லாந்து லீ ஆபட் அவர்களே அப்பெரியார். மாணவரும் மக்களும் அவரை அன்போடு கிளீவ் ஆபட் என்றே அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

கறுப்பின மக்களை அடிமைகளாக விற்கவும் வாங்கவும் செய்த கொடிய வழக்கம், உள்நாட்டுப் போருக்குப்பின் 1865ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்ததைச் சமூகம் ஒழித்துவிடவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தார்க்குத் தனிப்பள்ளி, தனி வண்டி, தனிக் குடிநீர்க் குழாய் என்ற முறை வேரூன்றியது. வாக்குரிமை வஞ்சகமாகப் பறிக்கப்பட்டது. இந்நிலையில் அலபாமாவை விட்டு வெளியேறி, வடக்கே தென் டகோட்டா மாநிலத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தில் 1890களின் முற்பகுதியில் ஆபட் பிறந்தார். வாட்டர்டவுன் என்னும் ஊரில் வளர்ந்தார்.

அம்மாநிலத்தில் கறுப்பினத்தார் மிகச் சிலரே வாழ்ந்தனர். வகுப்பறையில் தம்மைப் போன்ற முகம் ஒன்றைக் காண்பதே அரிது. தனியொருவராக நிற்கும் பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒதுங்கி மூலையில் அமர்ந்துவிடுவது. மற்றொன்று, எவரும் புறக்கணிக்க இயலாத அளவுக்கு உயர்ந்து நிற்பது. ஆபட் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். உயர்நிலைப் பள்ளியில் பல ஆட்டங்களிலும் சிறந்து விளங்கிய அவர், புரூக்கிங்ஸ் நகரிலிருந்த தென் டகோட்டா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குத் தடகளம், அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் ஆகிய நான்கிலும் கல்லூரி அணியில் இடம்பெற்று, சிறந்த ஆட்டக்காரர்க்குக் கல்லூரி வழங்கும் எழுத்துச் சின்னத்தை 14 முறை பெற்றார்.

இவ்வளவு ஆடியவர் படிப்பைக் கைவிட்டிருப்பார் என எண்ணுவோர் ஏமாறுவர். அவர் பயின்றது பால்பண்ணைத் தொழில் சார்ந்த வேளாண் கல்வி. பாலின் தரத்தைச் சோதிக்கும் வேதியியல் முறைகளில் அவர் தேர்ச்சி பெற்றார்.

புக்கர் வாஷிங்டனின் அழைப்பு

டஸ்கீகி கல்வி நிலையத்தின் வரலாற்றை நம் இளைஞர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, சுரங்கத்திலும் உப்பளத்திலும் உழைத்து, கால்நடையாய்ச் சென்று கல்வி கற்ற புக்கர் டி. வாஷிங்டன், 1881ஆம் ஆண்டு அந்நிலையத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மாணவரே மண் பிசைந்து, செங்கல் அறுத்து, சூளையிட்டுத் தம் வகுப்பறைகளைத் தாமே எழுப்பினர். கைத்தொழிலும் கல்வியும் அங்கு ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன.

தென் டகோட்டாக் கல்லூரியின் தலைவர் வாயிலாக ஆபட் என்னும் மாணவரைப் பற்றி வாஷிங்டன் கேள்வியுற்றார். படிப்பை நல்ல முறையில் முடித்தால் டஸ்கீகியில் ஒரு பணி காத்திருக்கும் என்று வாக்களித்தார். கல்லூரியில் காலடி வைத்த சிறிது காலத்திலேயே கிடைத்த வாக்குறுதி அது. அதனை நம்பி நான்காண்டுகள் உழைத்தார் அம்மாணவர். ஆனால் 1915ஆம் ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் காலமானார். ஆபட் பட்டம் பெற்றது 1916இல். வாக்களித்தவர் மறைந்துவிட்டார், வாக்கு மறையவில்லை. அந்நிலையம் தன் நிறுவனர் சொல்லைக் காத்து ஆபட்டுக்குப் பணி வழங்கியது. ஒரு கல்வி நிறுவனத்தின் பெருமை, நிறுவியவர் மறைந்த பின்னும் அவர் சொல் நிற்பதில்தான் இருக்கிறது என்பதை நம் சங்கத்தாரும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

டஸ்கீகியில் அவர் ஏற்றது வேளாண் வேதியியலார் பணி. நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆராய்ச்சிகளால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அப்போது அங்குப் பணியாற்றி வந்தார். அத்தகைய அறிஞரின் அருகில் பணி செய்யும் பேறு இளம் ஆபட்டுக்குக் கிடைத்தது.

போர்க்களத்தில்

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ஆபட் படையில் சேர்ந்தார். கறுப்பின வீரர்களைக் கொண்ட 92ஆவது படைப்பிரிவின் 366ஆவது காலாட்படையில் அதிகாரியாகப் பிரான்சு நாட்டுப் போர்முனையில் பணிபுரிந்தார். மக்களாட்சியைக் காக்கும் போர் என்று அப்போருக்குப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதில் குருதி சிந்திய கறுப்பின வீரர்கள் தாயகம் திரும்பியபோது, பழைய தனி வண்டியும் தனிக் குழாயும் அப்படியே அவர்களை எதிர்கொண்டன. சீருடையோடு திரும்பிய வீரர்கள் தாக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் உண்டு.

போருக்குப்பின் கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் கறுப்பின மாணவர்க்கான தொழிற்பள்ளியில் சிலகாலம் பணியாற்றிய ஆபட், 1923ஆம் ஆண்டு மீண்டும் டஸ்கீகிக்கு அழைக்கப்பட்டார். இம்முறை வேதியியல் பணியோடு விளையாட்டுத் துறைப் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று தொடங்கிய பணி அவர் இறுதி மூச்சு வரை, 32 ஆண்டுகள், ஒரே இடத்தில் தொடர்ந்தது.

திடலை உருவாக்கியவர்

ஆபட் பொறுப்பேற்ற காலத்தில் தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பினக் கல்லூரிகளோடு ஆட மறுத்தன. ஒரே நகரில் இரு கல்லூரிகள் இருந்தாலும் இரு அணிகளும் ஒரே திடலில் காலடி வைத்ததில்லை. எனவே கறுப்பினக் கல்லூரிகள் தமக்குள்ளேயே போட்டிகளை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அச்சிறு வட்டத்திற்குள் ஆபட் உருவாக்கிய கால்பந்து அணி, 1924 தொடங்கிப் பலமுறை கறுப்பினக் கல்லூரிகளுக்குள் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அவருடைய பயிற்சிக் காலத்தில் அவ்வணி பெற்ற வெற்றிகள் 200க்கும் மேற்பட்டவை.

ஆயினும் கால்பந்து வெற்றிகளால் மட்டும் ஆபட் நம் நினைவுக்கு உரியவரல்லர். அவரது நிலைத்த தொண்டு தடகளத்திலேயே உள்ளது. 1927ஆம் ஆண்டு அவர் டஸ்கீகி தொடர் ஓட்டப் போட்டிகள் என்னும் தடகள விழாவைத் தொடங்கினார். பெரிய பந்தய விழாக்களில் நம்மவர்க்கு இடமில்லையெனில் நாமே ஒரு விழாவை நடத்துவோம் என்பதே அதன் அடிப்படை. கறுப்பினக் கல்வி நிலையம் ஒன்று அத்துணைப் பெரிய அளவில் நடத்திய முதல் தடகள விழா அதுவே. கல்லூரி அணிகள் மட்டுமன்றி, உயர்நிலைப் பள்ளி மாணவரும் அதில் கலந்துகொள்ள வழி செய்யப்பட்டது.

இரண்டாண்டுகள் கழித்து, 1929இல், அவ்விழாவில் பெண்களுக்கான ஓட்டங்களையும் அவர் சேர்த்தார். இன்று இச்செய்தி சிறியதாகத் தோன்றலாம். அன்று அது துணிச்சலான செயல். ஓடுவதும் தாண்டுவதும் பெண்மைக்கு ஒவ்வாதவை, உடல் நலத்திற்குத் தீங்கானவை என்று மருத்துவரும் கல்வியாளரும் எழுதி வந்த காலம் அது. பல கல்லூரிகள் பெண்களுக்கான போட்டிகளையே நிறுத்திவிட்டன. அந்தச் சூழலில்தான் ஆபட் தம் திடலைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார்.

அவரது முறை எளியது. ஆனால் ஆழ்ந்த சிந்தனையில் விளைந்தது. தொடர் ஓட்டப் போட்டிகளுக்கு வரும் பள்ளிச் சிறுமியரை அவர் கூர்ந்து நோக்குவார். திறமை உடையோரைத் தெரிந்தெடுத்துக் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு டஸ்கீகிக்கு வரவழைப்பார். தகுதியுடையோரை டஸ்கீகியின் உயர்நிலைப் பள்ளிப் பிரிவிலோ கல்லூரியிலோ சேர்த்துக்கொள்வார். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு வளாகத்திலேயே வேலை கொடுப்பார். பயிற்சி ஒரு கை. படிப்பு ஒரு கை. வேலை மூன்றாம் கை. மூன்றும் சேர்ந்தே ஒரு பெண்ணை ஆளாக்கின.

பெண்கள் அணியைப் பயிற்றுவிப்பதில் கிறிஸ்டின் எவன்ஸ் பெட்டி என்னும் அம்மையார் ஆபட்டுக்கு வலக்கையாக விளங்கினார். 1937ஆம் ஆண்டு நாடளாவிய பெண்கள் தடகளப் போட்டியில் டஸ்கீகி அணி முதன்முறையாக முதலிடம் பெற்றது. அட்லாண்டா நகரத்துப் பள்ளியிலிருந்து வந்த லூலா ஹைம்ஸ் நீளம் தாண்டுதலில் வாகை சூடினார். கறுப்பினக் கல்லூரிகளுக்குள் நடந்த போட்டியன்று அது, நாடு முழுவதற்குமானது. வெள்ளையர் சங்கங்களும் கலந்துகொண்ட அப்போட்டியில் டஸ்கீகி அணி மொத்தம் 14 முறை முதலிடம் பெற்றது. அவற்றுள் 8 முறை இடைவிடாது தொடர்ந்து கிடைத்தவை. தனிப்பட்ட பிரிவுகளில் அவர் மாணவியரும் மாணவரும் வென்ற நாட்டு முதன்மைகள் 49 என்பர்.

டென்னிஸ் ஆட்டத்திலும் அவர் கண் பதிந்தது. வாஷிங்டன் நகரத்துப் பீட்டர்ஸ் சகோதரியர் இருவரின் ஆட்டத்தைக் கண்டு, அவர்களுக்கு உதவித்தொகை அளித்து டஸ்கீகிக்கு அழைத்து வந்தார். மார்கரெட், ருமேனியா என்னும் அச்சகோதரியர் கறுப்பின டென்னிஸ் சங்கத்தின் இரட்டையர் பட்டத்தை 14 முறை வென்றனர். பிற்காலத்தில் விம்பிள்டனை வென்ற ஆல்தியா கிப்சனை 1946ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் ருமேனியா தோற்கடித்தார். வெள்ளையர் போட்டிகளின் கதவு அவர்களுக்குத் திறக்கும் முன்பே அவர்களின் ஆட்டக்காலம் முடிந்துவிட்டது. இருவரும் ஆசிரியப் பணியில் அமர்ந்து பிள்ளைகளுக்கு வழிகாட்டினர்.

ஆலிஸ் கோச்மன்

ஆபட்டின் மாணவியருள் தலையாயவர் ஆலிஸ் கோச்மன். ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் 1923ஆம் ஆண்டு, பத்துப் பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். அந்நகரின் பொது விளையாட்டுத் திடல்களில் கறுப்பினப் பிள்ளைகள் நுழைய முடியாது. எனவே புழுதிச் சாலைகளில் வெறுங்காலோடு ஓடினார். கந்தல் துணிகளை முடிந்து கயிறாக்கி, அதனை இருபுறமும் பிடிக்கச் செய்து தாண்டிப் பழகினார். பெண்பிள்ளை ஓடியாடுவதைத் தந்தை விரும்பவில்லை, பலமுறை கண்டித்தார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவரும், அத்தை ஒருவரும் அவர் பக்கம் நின்றனர். பள்ளிப் பயிற்றுநர் அவர் திறமையை உணர்ந்து ஊக்கினார்.

தொடர் ஓட்டப் போட்டிகளில் அவரைக் கண்ட டஸ்கீகியினர், உதவித்தொகையுடன் உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் சேருமாறு அழைத்தனர். தயங்கிய பெற்றோர் இறுதியில் இசைந்தனர். வகுப்பறையில் அமரும் முன்பே, 1939ஆம் ஆண்டு நாடளாவிய போட்டியில் உயரம் தாண்டுதலில் அவர் முதலிடம் பெற்றார். அன்று அவர் வயது பதினைந்து. காலில் காலணி கிடையாது. அதன்பின் 1948 வரை பத்தாண்டுகள் அப்பட்டம் அவரை விட்டு நீங்கவில்லை. ஓட்டங்களிலும் வென்றார், கூடைப்பந்து அணியிலும் ஆடினார். இவ்வளவுக்கும் இடையில், உதவித்தொகைக்கு ஈடாக உடற்பயிற்சிக் கூடத்தைத் துப்புரவு செய்தார். கால்பந்து வீரரின் கிழிந்த சீருடைகளைத் தைத்துக் கொடுத்தார். தையற் கலையில் தேர்ச்சிச் சான்றும் பெற்றார்.

போரின் காரணமாக 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. ஒரு வீராங்கனையின் உடல் வலிமை உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவ்வாறு வீணாயின. 1948இல் இலண்டனில் ஒலிம்பிக் நடந்தபோது அவர் முதுகுவலியால் துன்புற்றுக்கொண்டிருந்தார். ஆயினும் 1.68 மீட்டர் உயரத்தை முதல் முயற்சியிலேயே தாண்டினார். இங்கிலாந்து நாட்டு வீராங்கனை அதே உயரத்தை இரண்டாம் முயற்சியில் தாண்டினார். தங்கப் பதக்கம் கோச்மனுக்கே உரித்தாயிற்று. உலக வரலாற்றில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் அப்பதக்கத்தை அவருக்கு வழங்கினார்.

மன்னர் கையால் பதக்கம் பெற்ற அவ்வம்மையாருக்குச் சொந்த ஊரில் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். அட்லாண்டாவிலிருந்து ஆல்பனி வரை ஊர்வலமாக அழைத்து வரப்பட்டார். வழியெங்கும் மக்கள் திரண்டனர். ஆனால் நகர மன்ற அரங்கில் நடந்த பாராட்டு விழாவில் வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பினத்தார் மறுபுறமும் அமர்த்தப்பட்டனர். மேடையிலிருந்த நகரத் தலைவர் அவரோடு கைகுலுக்கவில்லை. விழா முடிந்ததும், விழா நாயகியே பக்கவாயில் வழியாக வெளியேற வேண்டியிருந்தது. பதக்கத்தைக் கழுத்தில் ஏற்றுக்கொண்ட நாடு, அதனை அணிந்தவரை முன்வாயிலில் ஏற்கவில்லை.

என் பிழை

இவ்விடத்தில் என் ஆசிரிய வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காது கூறுதல் கடமை எனக் கருதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராயிருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில், நம் சமூகத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வட்ட அளவிலான ஓட்டத்தில் முதலிடம் பெற்றாள். வெறுங்காலோடு ஓடியே வென்றாள். மாவட்டப் போட்டிக்கு அனுப்ப வீட்டார் இசையவில்லை. வயது வந்த பெண் வெளியூர் செல்வதா என்பது அவர்கள் தயக்கம். உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் வந்து, வீட்டிற்குச் சென்று ஒரு வார்த்தை பேசுமாறு கேட்டுக்கொண்டார். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது என்று கூறி நான் செல்லவில்லை. அதோடு நில்லாமல், உடற்கல்விப் பாடவேளைகளைக் கணக்குப் பாடத்திற்கு மாற்றி ஆணையிலும் கையொப்பமிட்டேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அம்மாணவி பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கோச்மனின் தந்தையும் முதலில் மறுத்தவரே. ஆனால் அங்கே ஒரு பள்ளி அவர் மகளை நாடிச் சென்றது. தங்குமிடமும் படிப்பும் பாதுகாப்பும் தருவதாக உறுதி கூறியது. அவரும் இசைந்தார். இங்கே பள்ளியிலிருந்து எவரும் செல்லவில்லை. பெற்றோரின் அச்சத்தை மட்டும் குறை கூறுவது எளிது. அவ்வச்சத்தைப் போக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்வது கடினம். ஆபட்டின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினா என்னை உறுத்துகிறது.

வழிவழி வந்த தொண்டு

ஆபட் பயிற்றுவித்தது ஓட்டத்தை மட்டுமன்று. பயிற்றுநர்களையும் அவர் உருவாக்கினார். அவருடைய மகள் ஜெஸ்ஸி ஆபட், 1943ஆம் ஆண்டளவில் டென்னசி மாநிலக் கறுப்பினக் கல்லூரியில் பெண்கள் தடகள அணியின் முதல் பயிற்றுநரானார். பின்னர் எட் டெம்பிள் என்னும் பயிற்றுநரின் பொறுப்பில் அவ்வணி உலகப் புகழ் எய்தியது. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டுப் பின் எழுந்து ஓடி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ப் அவ்வணியின் செல்வமே. அவர் பள்ளி மாணவியாக டஸ்கீகிப் போட்டிக்கு வந்து, ஓடிய ஓட்டங்களில் எல்லாம் தோற்றுத் திரும்பியவர். அத்தோல்வியே தம்மை முறையாகப் பயிலத் தூண்டியதாக அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். வெற்றி பெற்றோர்க்கு மட்டுமல்லாது, தோற்றோர்க்கும் அத்திடல் ஆசிரியனாய் விளங்கியது.

டஸ்கீகி நகரில் வளர்ந்த நெல் ஜாக்சன், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடியவர். பின்னர் டஸ்கீகியிலேயே பயிற்றுநராகப் பணியேற்றார். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அமெரிக்கப் பெண்கள் தடகள அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக அவர் அமர்த்தப்பட்டார். அமெரிக்க ஒலிம்பிக் தடகள அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்றுநரான முதல் கறுப்பினத்தவர் அவரே. அப்பொறுப்பை ஏற்றபோது அவர் வயது இருபத்தேழு. பின்னர் முனைவர் பட்டமும் பெற்றார். அதே மெல்போர்னில் டஸ்கீகி மாணவி மில்ட்ரெட் மெக்டேனியல் 1.76 மீட்டர் உயரம் தாண்டி உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். பின்னாளில் அவர் கலிபோர்னியாவில் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாகப் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

1948 அணியில் இடம்பெற்ற மற்றொரு டஸ்கீகி மாணவி தெரசா மானுவல். அவர் புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகருக்குத் திரும்பி, பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியையாகவும் பயிற்றுநராகவும் உழைத்தார். கோச்மன் அம்மையாரும் ஒலிம்பிக் வெற்றிக்குப்பின் போட்டிகளிலிருந்து விலகி, 1949இல் கல்லூரிப் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியையாகவும் பயிற்றுநராகவும் வாழ்ந்தார். பதக்கம் பெற்றவர் பள்ளிக்குத் திரும்பினார். பள்ளியிலிருந்து அடுத்த தலைமுறை புறப்பட்டது. ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவது போன்ற இம்முறையை ஆபட்டின் தலையாய வெற்றி எனக் கூறின் அது மிகையாகாது.

மறைவும் பெருமையும்

1955ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆபட் மறைந்தார். மெல்போர்ன் வெற்றிகளைக் காண அவர் இருக்கவில்லை. பேருந்தில் எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரின் செயலால் அதே அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் மூண்ட பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம், அவர் மறைந்த ஆண்டின் டிசம்பரில்தான் தொடங்கியது. அம்மையாரும் டஸ்கீகி நகரில் பிறந்தவரே. தம் மக்கள் முன்வாயில் வழியே நடந்து செல்லும் நாளைக் காணாமலேயே ஆபட் கண்மூடினார்.

பாராட்டுகள் தாமதமாகவே வந்தன. அவர் பயின்ற தென் டகோட்டாக் கல்லூரி, பல்கலைக்கழகமாக உயர்ந்த பின் 1968ஆம் ஆண்டு தன் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. கோச்மன் அம்மையார் 1975ஆம் ஆண்டும், நெல் ஜாக்சன், தாம் மறைந்த மறு ஆண்டாகிய 1989ஆம் ஆண்டும் அமெரிக்கத் தடகளப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். அவர்களை உருவாக்கிய ஆசானுக்கு அதே மண்டபத்தில் இடம் கிடைத்தது 1996ஆம் ஆண்டில்தான். மாணவியர் முன்னே சென்றனர். ஆசான் பின்னே சென்றார். நல்லாசிரியர் எவரும் இவ்வரிசையைக் குறித்து வருந்தார். டஸ்கீகியின் விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இளைஞர்க்கு

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று என எனக்குப் படுகிறது.

முதலாவது, பிறர் கதவை அடைத்தால் நாம் நம் கதவைத் திறக்க வேண்டும். பெரிய விழாக்களில் இடம் மறுக்கப்பட்டபோது ஆபட் தம் திடலிலேயே விழா எடுத்தார். காலப்போக்கில் நாட்டின் சிறந்த வீராங்கனையர் பலர் அத்திடலிலிருந்தே புறப்பட்டனர். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை நேரப் படிப்பு வகுப்புகளை நடத்தி வருகிறது. அதன் பக்கத்தில் ஒரு திடலும் ஒரு பயிற்றுநரும் இருத்தல் வேண்டும் என்பது என் விண்ணப்பம். பொங்கல் விழாவில் ஒருநாள் பந்தயம் நடத்துவது போதாது. ஆண்டு முழுவதும் பயிற்சி நடக்க வேண்டும்.

இரண்டாவது, படிப்பும் விளையாட்டும் பகையல்ல. ஆபட் வேதியியல் கற்றவர். அவர் மாணவியர் பட்டம் பெற்றனர்; ஆசிரியைகளாயினர். விளையாட்டில் கிடைக்கும் புகழ் சில ஆண்டுகளில் மங்கும், உடல் தளரும். அதன்பின் கைகொடுப்பது கல்வியே. ஆகவே திடலுக்குச் செல்லும் பிள்ளை புத்தகத்தை மறவாதிருக்கட்டும். புத்தகம் ஏந்தும் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்காதிருக்கட்டும்.

மூன்றாவது, பெண்பிள்ளைகள். ஆபட் தம் திடலில் அவர்களுக்கு இடமளிக்காதிருந்தால் அவரை இன்று கால்பந்து உலகம் மட்டுமே நினைவிற் கொண்டிருக்கும். நம் வீடுகளில் எத்தனை கோச்மன்கள் தண்ணீர்க் குடத்தோடும் விறகுச் சுமையோடும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை யார் அறிவர்? அவர்கள் வீட்டு வாசலுக்குச் சென்று பெற்றோரிடம் பேசுவதும், உடன் சென்று திரும்ப ஒரு பெண் துணையை ஏற்பாடு செய்வதும், ஓடுவதற்கு ஒரு சோடிக் காலணி வாங்கித் தருவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நான் அன்று செய்யத் தவறியதை நம் சங்கத்து இளைஞர் இன்று செய்யலாம்.

நான் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. இப்போது நான் பணியாற்றும் பள்ளியில் உடற்கல்விப் பாடவேளையை வேறு எவருக்கும் மாற்றித் தருவதில்லை. மாலை வேளைகளில் திடலோரம் நாற்காலி இட்டு அமர்ந்திருப்பேன். சிறுமியர் ஓடி முடித்து மூச்சு வாங்கி நிற்கையில், அன்று நான் சென்று பேசாத அந்த வீட்டை நினைத்துக்கொள்வேன். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அம்மலரில் நம் திடலிலிருந்து சென்ற ஒரு வீராங்கனையின் வரலாற்றை வேறொரு தலைமையாசிரியர் எழுத வேண்டும் என்பதே என் அவா.